பிறந்த இடத்தைப் பற்றி ஒரு படைப்பு செய்ய நினைக்கிறவர்களுக்கு: எல்லையோரத்திலிருந்து ஒரு வழிகாட்டி

எனக்கும் அக்காவுக்கும் ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். ஆனால் அக்காவின் பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது, என்னுடையது மலையாளத்தில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம், அம்மாவுக்குத் தாய்வீடு பொள்ளாச்சிப் பக்கம், அதனால் அக்கா அங்கே பிறந்தாள். நான் இரண்டாவது, அப்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை, கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரிலேயே, எங்கள் ஊர்ப் பக்கமே, பிறந்துவிட்டேன். பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிய வேண்டும் என்று 1969-ஆம் வருடத்துச் சட்டம் சொல்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ஒரு தாளுக்காக அக்கா பிற்பாடு ஒரு அலுவலகத்தில் நான்கு முறை போய் நின்றாள், 'நீங்கள் இந்த ஊர்க்காரர்தான் என்பதற்கு என்ன ஆதாரம்' என்று அவளிடம் கேட்டார்கள், என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நான் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையோரத்தில் இருக்கிற கொழிஞ்சாம்பாறையில் போர்டு எழுதுகிற வேலை செய்கிறேன், தமிழிலும் மலையாளத்திலும். ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் பிள்ளைகள் வரைய வருவார்கள். 'பிறந்த இடம் ஒருத்தருடைய வாழ்க்கையை எப்படி மாற்றுகிறது என்று ஏதாவது செய்யணும், எங்கிருந்து தொடங்குவது' என்று அவர்களில் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு நன்றாக வரையத் தெரிய வேண்டும் என்று அவசியமில்லை.

அழுகிற முகத்தை வரையாதீர்கள்

முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். நான் இந்த விஷயத்தில் செய்த முதல் படம் நெல்லியாம்பதி தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு அம்மாவின் முகம். சுருக்கம், கண்ணீர், பின்னால் மலை. பார்த்தவர்கள் எல்லாம் நல்லா இருக்கு என்றார்கள். அந்த அம்மாவின் மகள் வந்து பார்த்துவிட்டு, 'எங்கம்மா இருவத்தெட்டு வருசமும் அழுதுட்டே இருந்தாங்களா?' என்று கேட்டாள். அந்த அம்மா கொழுந்து பறிக்கிற வேகத்துக்கு அந்த டிவிஷனிலேயே ஆள் கிடையாது, மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார், இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் படத்தில் ஒன்றும் இல்லை. அந்தப் படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்குப் புரிந்தது இதுதான். முகத்தை வரைந்தால் பார்க்கிறவர் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், பாவம் என்பதற்கு அடுத்த கேள்வி கிடையாது. அந்த அம்மாவின் வாழ்க்கையை ஒரு அளவுக்குமேல் போகவிடாமல் பிடித்து வைத்தது எதுவோ, ஒரு தாள், ஒரு தூரம், ஒரு தேதி, ஒரு பஸ், அதை வரையுங்கள். அதற்கு அடுத்த கேள்வி தானாக வரும்: இதை யார் வைத்தார்கள்?

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள்

வெளியே போவதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற தாள்களை எல்லாம் எடுத்து வெளியே போடுங்கள். பிறப்புச் சான்று, ரேஷன் கார்டு, டி.சி., சாதிச் சான்று, பழைய வோட்டர் கார்டு, தாத்தாவின் நிலப் பத்திரம் இருந்தால் அதுவும். ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயரும் மாநிலப் பெயரும் எப்படி எழுதியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரே ஊர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள்: பிறந்த இடம், வளர்ந்த இடம், படித்த இடம், பிழைக்கிற இடம்.

இந்த நான்கையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம், இதைக் குழப்பிக்கொண்டால் படைப்பு முழுவதும் குழம்பிவிடும். பிறந்த இடம் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லும்போது பெரும்பாலும் வளர்ந்த இடத்தைத்தான் சொல்கிறோம். சில வாசல்கள் பிறந்த இடத்தைக் கேட்கும், சில வாசல்கள் படித்த இடத்தைக் கேட்கும். தமிழ்நாட்டில் 2020-ல் வந்த சட்டப்படி, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு, ஆனால் அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் கேரள அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிற பிள்ளை இருக்கிறது. அதுவும் அரசுப் பள்ளி, அதுவும் தமிழ். ஆனால் அந்தக் கணக்கில் அது வராது. 1.10.2023-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பல விஷயங்களுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்று ஒன்றே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது, ஆகவே இனி இந்தத் தாளின் கனம் கூடத்தான் போகிறது.

ஜோடி தேடுங்கள்

இதுதான் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற முக்கியமான வழி. மாநில எல்லைக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அது இந்தப் பக்கம் என்ன ஆகிறது, அந்தப் பக்கம் என்ன ஆகிறது என்று பாருங்கள். எல்லையில் வாழ்கிறவர்களுக்கு இது கையிலேயே கிடைக்கிற வரம், சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ இருப்பவர்கள் இதற்குப் பயணம் செய்து வர வேண்டும்.

தென்னை மரத்தையே எடுங்கள். எல்லையில் இருக்கிற கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கமும் தென்னந்தோப்பு, அந்தப் பக்கமும் தென்னந்தோப்பு, மண் ஒன்று, காற்று ஒன்று, பாளை சீவுகிற கத்தியும் ஒன்றுதான். சித்தூர் தாலுகாவில் மரமேறிக் கள் இறக்குவது லைசென்ஸ் உள்ள தொழில், கள் தொழிலாளர்களுக்கு 1969-லேயே நலநிதிச் சட்டம் போட்டிருக்கிறார்கள், பென்ஷன் உண்டு. கூப்பிடு தூரத்தில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பில் அதே வித்தை தெரிந்த ஒருவர் அதே பாளையைச் சீவிக் கள் இறக்கினால் அது வழக்கு, 1987-லிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. ஒருவருக்குத் தொழில், மற்றவருக்குக் குற்றம். கள் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம், அதற்குள் போகாதீர்கள், போனால் படைப்பு அங்கேயே மாட்டிக்கொள்ளும். என்னிடம் வந்த ஒரு பையன் இரண்டு பழைய கத்திகளை மட்டும் வாங்கிவந்து ஒரு வெள்ளைப் பலகையில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினான். ஒன்றின் கீழே நலநிதி அட்டையின் நகல், இன்னொன்றின் கீழே ஒன்றும் இல்லை, வெறும் ஆணி. நான் இந்த விஷயத்தில் பார்த்ததில் அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

லாட்டரியும் அப்படித்தான். கேரள அரசு 1967-ல் தொடங்கிய லாட்டரி இன்றும் நடக்கிறது, தமிழ்நாடு 2003-ல் தடை செய்துவிட்டது. வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் எல்லைக் கோட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்ததும் கண்ணில் படுவது லாட்டரிக் கடைதான், குலுக்கல் முடிந்த சீட்டுகள் கீழே கிடக்கும், காசில்லாமல் கிடைக்கிற அருமையான வண்ணக் காகிதம். பொறுக்கிச் சேர்த்து ஒட்டுங்கள், தாராளமாக. ஆனால் ஒரு எச்சரிக்கை: லாட்டரிச் சீட்டு வைத்தாலே பார்க்கிறவர் 'எல்லாம் அதிர்ஷ்டம், தலையெழுத்து' என்ற முடிவுக்குப் போய்விடுவார். இங்கே நடப்பது தலையெழுத்து கிடையாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவழியாக மாநிலங்களைப் பிரித்தபோது ஆட்கள் உட்கார்ந்து பேசிப் போட்ட கோடு இது. செங்கோட்டையின் பெரும்பகுதியும் கன்னியாகுமரி மாவட்டமும் தமிழ்நாட்டுப் பக்கம் போயின, தேவிகுளமும் பீருமேடும் சித்தூரும் இந்தப் பக்கம் நின்றன. சீட்டு ஒட்டினால் அந்தத் தேதியும் எங்காவது இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஜோடி சாதிச் சான்றுதான். பட்டியல் சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபோனால் அங்கே அந்த உரிமையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் தீர்ப்புச் சொன்னது. எந்த மாநிலத்துக்காரர் என்பதற்குக் குடும்பம் 10.8.1950 அன்று, அதாவது குடியரசுத் தலைவரின் ஆணை வந்த நாளில், எங்கே இருந்தது என்று கேட்பார்கள். இப்போது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்குக் கம்பெனி கட்டிக் கொடுத்த வரிசை வீட்டில், பிறந்த ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். கொள்ளுத்தாத்தா வேலைக்கு ஆள் சேர்க்கிற கங்காணியோடு மலை ஏறி வந்தவர், லயம் கம்பெனிக்குச் சொந்தம், பட்டா இல்லை, வீட்டு வரி ரசீது இல்லை, 1950-ல் இங்கே இருந்தோம் என்று காட்ட எந்தத் தாளும் இல்லை. இந்தப் பக்கம் பிறந்தது, இந்தப் பக்கம் படித்தது, ஆனால் சான்று கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டுகிறார்கள், அந்தப் பக்கம் போனால் நீ இங்கே பிறக்கவில்லையே என்கிறார்கள். இதைப் படைப்பாக்குகிறவர்கள் ஒரு வக்கீலிடமோ தாசில்தார் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவரிடமோ ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தைத் தப்பாக எழுதி மாட்டினால் அதை நம்பி ஒரு குடும்பம் தப்பான வாசலில் போய் நிற்கும்.

நடந்து பாருங்கள், பேசிப் பாருங்கள்

ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். ஒரு பக்கத்துப் பள்ளியிலிருந்து அந்தப் பக்கத்துக் கல்லூரி வரைக்கும், அல்லது ஒரு வீட்டிலிருந்து கிட்டத்திலுள்ள பிரசவ ஆஸ்பத்திரி வரைக்கும், பஸ்ஸிலும் நடந்தும் போய்ப் பாருங்கள். எத்தனை மணிக்குக் கடைசி பஸ், எங்கே இறங்கி மாற வேண்டும், டிக்கெட் எவ்வளவு, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். செக்போஸ்ட்டில் போய் போட்டோ எடுக்காதீர்கள், வீண் வம்பு. பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரையுங்கள், அது போதும்.

ஆட்களிடம் பேசும்போது 'உங்க கஷ்டம் என்ன' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள், அது உங்களுக்காகச் சொல்கிற பதில். 'பத்தாவது முடிச்சதும் எந்த பஸ் ஏறினீங்கக்கா?' என்று கேளுங்கள். 'மொதல் சம்பளம் எங்க வாங்கினீங்கண்ணா?' என்று கேளுங்கள். மலையாளம் பேசுகிறவர்களாக இருந்தால் சேட்டா, சேச்சி என்று அவர்கள் மொழியிலேயே கூப்பிடுங்கள், தப்பும் தவறுமாகப் பேசினாலும் பரவாயில்லை, இந்தப் பக்கத்தில் யாரும் சுத்தமாக ஒரே மொழியில் பேசுவதில்லை. பேசியதை எழுதிக்கொண்டு வந்து மறுமுறை போய்ப் படித்துக் காட்டுங்கள். பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம், ஊரும் வேண்டாம் என்றால் அதையும் எடுத்துவிடுங்கள், பாதி வேலை முடிந்த பிறகு 'எனக்கு இது வேண்டாம்' என்று சொன்னாலும் முகம் சுளிக்காமல் எடுத்துவிடுங்கள்.

செத்தவர்களைப் பற்றிச் செய்ய நினைத்தால் இன்னும் நிதானம் வேண்டும். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் போனார்கள், தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள். ஒரு வாரத்திலேயே அதை வரைந்து சுற்ற விட்டவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்காரர் ஒருவராவது உட்கார்ந்து உங்களோடு பேசியிருக்காவிட்டால் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து.

எண்களைக் கண்ணுக்குக் காட்டுவது

கதை மட்டும் போதாது. 'அது உங்க அக்காவுக்கு நடந்தது, எல்லோருக்குமா நடக்குது' என்று ஒருவர் கேட்பார், அவருக்கு எண்தான் பதில். ஒரு மனிதரின் வருமானம் எவ்வளவு இருக்கும் என்பதில் பாதிக்கு மேல் அவர் எந்த நாட்டுக்காரர் என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்று பிராங்கோ மிலனோவிச் என்ற பொருளாதார அறிஞர் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். டில்லியில் பிறந்து ஒன்பது வயதில் அமெரிக்கா போன பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவும் 2018-ல் அமெரிக்கா முழுக்க, எந்தத் தெருப்பக்கம் வளர்ந்த பிள்ளை பெரியவனாகி எவ்வளவு சம்பாதிக்கிறது என்று வரைபடமாகவே போட்டார்கள். இரண்டு தெரு தள்ளி வளர்ந்தால்கூட வித்தியாசம் தெரிகிறது.

நம் பக்கத்துக்கு ஒரு எண் சொல்கிறேன். பிறப்பு இறப்பை மாதிரி எடுத்துக் கணக்கிடுகிற அரசின் எஸ்.ஆர்.எஸ். கணக்குப்படி 2020-ல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறந்தவை கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. இதை நோட்டில் எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மூன்று முறம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரம் புளியங்கொட்டை, நூறு நூறாகக் குவித்து எண்ணிப் போடுங்கள், உத்தேசமாக அள்ளிப் போடாதீர்கள், எண்ணுகிற அந்த மூன்று மணி நேரம் உங்களுக்கே தேவை. 6, 13, 43 கொட்டைகளுக்கு மட்டும் வெள்ளை எனாமல் பூசி நடுவில் கலந்து விடுங்கள். சிவப்பு வேண்டும் என்று குன்றிமணி போடாதீர்கள், அது விஷம், பார்க்க வருகிற சின்னப் பிள்ளை வாயில் போட்டுவிடும்.

அப்புறம் நான்காவதாக ஒரு வெறும் முறம் வையுங்கள். பக்கத்தில் அட்டப்பாடி என்று மட்டும் எழுதுங்கள். இவ்வளவு நல்ல கணக்குள்ள கேரளத்தில், எங்கள் பாலக்காடு மாவட்டத்திலேயே, ஆனைகட்டியைத் தாண்டினால் வருகிற அட்டப்பாடியில் 2013-ல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாடு முழுக்கச் செய்தியானது. மாநிலச் சராசரி என்பது பெரிய போர்வை, அதற்கு அடியில் யார் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுங்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் மோசம், இந்தப் பக்கம் சொர்க்கம் என்று ஒரு படைப்பு சொன்னால் அது பாதி உண்மைதான்.

கையால் வரைந்த புள்ளிவிவரம் கலையாகுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு பழைய உதாரணம். அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு போய்ஸ் 1900-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து, ஜார்ஜியா மாநிலக் கறுப்பின மக்களின் நிலம், படிப்பு, தொழில் எல்லாவற்றையும் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கையாலேயே வரைந்து மாட்டினார். அடிமை முறை ஒழிந்து நாற்பது வருடம்கூட ஆகாத நேரம். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள், நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நேற்று வரைந்த மாதிரி இருக்கும்.

பொருளும் எழுத்தும்

பொருள் விஷயத்தில் நீட்டி எழுத ஒன்றுமில்லை. கேன்வாஸ் வாங்காதீர்கள். கொழுந்துச் சாக்கு, பழைய பிளக்ஸ் பேனரின் பின்பக்கம், அட்டைப்பெட்டி, கோணி ஊசி, சணல், பெவிகால் போதும். அசல் சான்றிதழை ஒட்டவே ஒட்டாதீர்கள், ஜெராக்ஸ் எடுங்கள், அதிலும் நம்பர்களை மையால் மறையுங்கள்.

எழுத்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன், என் தொழில் என்பதால். தமிழும் மலையாளமும் இரண்டும் இருக்கட்டும், ஒன்று பெரிதாக மற்றது அடிக்குறிப்பு மாதிரிச் சின்னதாக வேண்டாம். மலையாள எழுத்து உருண்டை, தமிழில் நேர்கோடு அதிகம், ஸ்கேல் வைத்து ஒரே உயரத்தில் எழுதினாலும் கண்ணுக்கு ஒரே கனமாகத் தெரியாது, பத்தடி தள்ளி நின்று பார்த்துப் பார்த்துத்தான் சரி செய்ய வேண்டும். கே.சி.எஸ். பணிக்கர் 1911-ல் கோயமுத்தூரில் பிறந்த மலையாளி, சென்னையில் ஓவியக் கல்லூரியில் முதல்வராக இருந்தார், 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களில் மலையாள எழுத்துகள் படிப்பதற்காக இல்லாமல் பார்ப்பதற்காகவே நிறைந்து கிடக்கும். கோட்டின் இரண்டு பக்கமும் வாழ்ந்த ஒருவரின் கை அது. நேரம் கிடைத்தால் அந்தப் படங்களின் முன்னால் கொஞ்சம் உட்காருங்கள்.

எங்கே வைப்பது

கொச்சியில் 2012-லிருந்து பினாலே என்கிற பெரிய கலைக் கண்காட்சி நடக்கிறது, போய்ப் பாருங்கள், பெரிய வேலைகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் உங்கள் முதல் காட்சி, யாருடைய கதையோ அவர்கள் செருப்போடு வந்து பார்க்கிற இடத்தில் நடக்கட்டும். ஊர் வாசகசாலை, பஸ் ஸ்டாப், திருவிழாவில் ஒரு ஓரம். அரசு அலுவலகத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்தால் தமிழிலேயே எழுதலாம், கேரளத்தின் 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்கு அந்த உரிமையைத் தருகிறது. நான் தமிழில்தான் எழுதுகிறேன்.

வருகிறவர்கள் பார்த்துவிட்டு மட்டும் போகாமல் ஏதாவது செய்கிற மாதிரி வையுங்கள். நாங்கள் போன முறை ஒரு பழைய கதவில் மூன்று வரிசை ஆணி அடித்தோம். கீழ் வரிசை பிறந்த இடம், நடு வரிசை படித்த இடம், மேல் வரிசை பிழைக்கிற இடம். ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு ஆணி, ஒன்று கேரளம், ஒன்று தமிழ்நாடு, வெளியூர் வெளிநாடு போனவர்களுக்காக மேலே மட்டும் இன்னும் ஒன்று. ஆளுக்கு ஒரு நூல். சாயங்காலத்துக்குள் கதவே தெரியவில்லை.

கடைசியாக ஒரு பாட்டி வந்து நூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே எந்த ஆணி என்று கேட்டேன். 'நாம் பொறந்தது கொச்சி ராஜாவோட ராஜ்ஜியம் கண்ணு, அது எங்கெ இருக்குது?' என்றார். உண்மைதான். அன்றைக்குச் சித்தூர் கொச்சி ராஜ்ஜியம், பக்கத்திலிருக்கும் பாலக்காடு மதராஸ் மாகாணம், பொள்ளாச்சியும் அதே மதராஸ் மாகாணம், அப்போது கோடு ஓடியது வேறு பக்கமாக. சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து கீழ் வரிசையில் இன்னொரு ஆணி அடித்துக் கொடுத்தேன். நீங்கள் இதைச் செய்தால் ஆணி கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.